கண்ணை மூடு, எங்கே குத்தினேன் சொல்லு

அடுத்தவன் காலைப் பார்க்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: எந்நேரமும் குனிந்தே இருப்பதால் நம் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதலிலேயே உரக்கச் சொல்லிவிடுகிறேன், இதில் வருவது அத்தனையும் சத்தியம். செம்பரம்பாக்கம் ஏரியில் குதித்து நீச்சல் பழகியவன் நான். அந்த ஏரி மேல் சத்தியம். அது போதாது என்றால் என் கால்களில் மிச்சமிருக்கிற ஒன்பது விரல் மேல் சத்தியம். ஒன்பதா என்று கேட்பீர்கள். ஒன்பதுதான். போன புரட்டாசியில் நடக்கக் கிளம்பியபோது பத்து இருந்தது.

ஒவ்வொரு புரட்டாசியும் ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து நாற்பது பேர் திருப்பதிக்கு நடக்கிறோம். ஐந்து நாள். பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள், நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் தெற்கேயிருந்து வந்து வாடகை ரூமில் தங்கியிருக்கிற பிள்ளைகள். முன்னால் கொடி பிடித்துப் போவது ஏகாம்பரம். கியர் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நடைக்கும் அவனேதான் சூப்பர்வைசர். பின்னால் ஒரு குட்டியானை, சின்ன சரக்கு வண்டி, ஊர்ந்து வரும். அதில் அரிசி, சிலிண்டர், பைகள், அப்புறம் கால் போனவர்கள். நடுவில் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான். பைக்குள் ஊசி, பஞ்சு, பிளாஸ்திரி, கல் உப்பு, விளக்கெண்ணெய், நகவெட்டி, ஒரு கட்டு துடைப்பக் குச்சி. இருபது வருஷம் கான்ட்ராக்டர் குடோனில் சேஃப்டி ஷூ எடுத்துக் கொடுத்தவன் என்கிற ஒரே தகுதியில் எனக்குக் 'கால் டூட்டி' கிடைத்தது.

நீங்களும் யாருக்காவது நல்லது சொல்லி, அவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு நேர் எதிராகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவராகத்தான் இருப்பீர்கள். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். வயிறு எரிகிறவர்களுக்கு இடம் உண்டு.

குச்சிப் பரீட்சை

ஒருமுறை கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் நர்ஸம்மா நைலான் நரம்பு மாதிரி ஒன்றை அழுத்தி, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். அதைப் பார்த்துவிட்டு நான் துடைப்பக் குச்சிக்கு மாற்றினேன். கிளம்பும் அன்று விடியற்காலையில் நாற்பது பேரும் வரிசையாக உட்கார வேண்டும். "கண்ணை மூடு. எங்கே குத்தினேன் சொல்லு." பெருவிரல், சுண்டுவிரல், குதிகால். சொல்லத் தெரியாதவனுக்கு நடை கிடையாது, வண்டிதான். உணர்ச்சி செத்த காலோடு நடப்பவன் பிரேக் இல்லாத லாரியை ஓட்டுகிறவன் என்று ஏகாம்பரத்திடம் வாதாடி நானே வாங்கிய சட்டம் இது.

இப்போது உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கும் சர்க்கரை, ஆறு வருஷமாக. ஆடி மாதம் ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது என் கால்களிலேயே குத்திப் பார்த்தேன். வலது கால் சுருக்கென்று பதில் சொன்னது. இடது கால் எப்போது தூங்கப் போனதோ, எழுப்ப எழுப்ப எழவில்லை. ஏகாம்பரத்துக்குத் தெரிந்தால் என் சட்டப்படி எனக்கு வண்டி. இந்த வருஷம் மட்டுமல்ல, இனி எப்போதும். நடையும் போய் பையும் போனால், வீட்டில் டிவிக்கு எதிரே உட்கார்ந்து மருமகள் வைக்கிற சீரியலைப் பார்த்துச் சாக வேண்டியதுதான். ஆகவே சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கின, சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்கிற எம்.சி.ஆர். செருப்பையும் பரண் மேல் போட்டுவிட்டேன். அதைக் காலில் பார்த்தாலே தெருவில் போகிற நண்டு சிண்டெல்லாம் "இன்னா நைனா, சுகரா?" என்று கேட்கும். சாதாரண ரப்பர் செருப்போடு கிளம்பினேன்.

அன்றைக்கு வரிசையில் கடைசியாக உட்கார்ந்தவன் மணிமங்கலத்து ஏழுமலை. என் வயசுதான். புது வேட்டி, நெற்றி நிறைய நாமம். கண்ணை மூடினான். பெருவிரலில் குத்தினேன், சுண்டுவிரலில் குத்தினேன், குதிகாலில் கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். அவன் கண்ணைத் திறக்காமல், "ரெடிப்பா, குத்து" என்றான். வண்டியில் ஏறச் சொன்னேன். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். வண்டியின் பின்பலகையில் கால் வைத்தவன் நின்று, என் செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சரிப்பா, நான் வண்டி. உனுக்கு யாரு குத்திப் பாத்தது?"

இரும்பு மூக்கு

கஜேந்திரன் ஒரகடத்துக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவோடு வந்து நின்றான். அந்த ஷூவைப் பற்றி எனக்கா தெரியாது? முன்னால் இரும்புக் கிண்ணம், தூக்கினால் கை வலிக்கும். "டேய், இது நிக்கறதுக்குப் பண்ணது, நடக்கறதுக்கு இல்ல. வூட்டுக்குப் போயி வேற போட்டுக்கினு வா" என்றேன். "மேல ஒரு டன்னு வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாது நைனா. ரோடு இன்னா பண்ணப்போவுது?" என்றான்.

ரோடு ஒன்றும் பண்ணவில்லை. இறக்கம் பண்ணியது. ஏறும்போது குதிகால் தேயும், இறங்கும்போது விரல் இடிக்கும். இது கால் டூட்டியின் முதல் பாடம். வழியில் வந்த ஒவ்வொரு மேம்பாலத்து இறக்கத்திலும் அவனுடைய விரல்கள் இரும்புக் கிண்ணத்தில் போய் மணி அடித்தன. பின்னால் வந்த என் காதிலேயே கேட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி கோயில் மணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏரி மேல் சத்தியம்.

சாயங்காலம் திருவள்ளூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் ஷூவைக் கழற்றினான். இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழ நிறம். ஒன்று பஞ்சை வைத்ததுமே என் கையோடு வந்துவிட்டது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. ஷூவை எடுத்து, துடைத்து, மூக்கைத் தட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. அப்பன் பிள்ளையின் மார்க்‌ஷீட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பெருமை அவன் முகத்தில்.

"பாத்தியா நைனா, நகம்தான் போச்சு. ஷூவுக்கு ஒண்ணும் ஆவல."

மெத்தையில் பழகிய ஷூ

புது ஷூவைச் சாயங்காலத்தில் வாங்கு, அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விடு. வாங்கினதைத் தினமும் போட்டு ஒரு மாதம் பழக்கு. இதை ஆண்டுதோறும் ஆடி மாதக் கூட்டத்தில் சொல்வேன். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன வருஷம் ஒரே ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான். முத்துப்பாண்டி, மதுரைப் பக்கம், சுங்குவார்சத்திரத்தில் ரூம். நான் சொன்னதைப் போனில் குறித்தும் வைத்துக்கொண்டான். என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

கிளம்புகிற அன்று பார்க்கிறேன், ஷூவில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பால் மாதிரி இருக்கிறது. "பழக்கினியாடா?" என்றேன். "ஒரு மாசம் தாத்தா, தெனமும் ரெண்டு மணி நேரம்" என்றான். அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன். மத்தியானத்துக்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். முதலில் மினி இட்லி அளவு, சாயங்காலத்துக்குள் ஓட்டல் இட்லி.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு மெத்தையில் படுத்து, காலை ஆட்டியபடி இரண்டு மணி நேரம் போன் பார்த்திருக்கிறான். நாள் தவறவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, "சோம்பேறி, எழுந்து ரூமுக்குள்ளயாவது நாலு தபா நடந்திருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். அவன் கோபப்படவில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறவன் மாதிரி நிதானமாகச் சொன்னான்.

"ஏழு பேரு படுத்திருக்க ரூம்ல, யாரு நெஞ்சு மேல தாத்தா நடக்கச் சொல்றீக?"

வெள்ளைக் கோடு

செருப்புப் போட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு தனி ஜாதி. அவர்களிடம் எனக்கு வேலையே இல்லை, பயம் மட்டும்தான். இரண்டாம் நாள் மத்தியானம் தார் ரோடு தோசைக்கல் ஆகிவிடும். அப்போது பாருங்கள், ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் ஒருவர் பின் ஒருவராக எறும்பு மாதிரி போவார்கள். தார் சுடுகிற அளவுக்கு அந்தப் பெயின்ட் சுடாது. கோடு அழிந்து போயிருக்கிற இடத்தில் எல்லோரும் ஒரே ஓட்டமாக ஓடி அடுத்த கோட்டைப் பிடிப்பார்கள். பக்கத்தில் கார் ஏற்றிப் போகிற நீள லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகும்.

அந்த வரிசையில் கடைசியில் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயசிருக்கும். சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். எட்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்கு அடியில் சர்க்யூட் பலகை பலகையாக வைத்து எது கோணல், எது விரிசல் என்று பார்க்கிற வேலை. என்ன வேண்டுதல் என்று கேட்டேன், சொல்லவில்லை. "செருப்பு போட மாட்டேன்னுதானேம்மா வேண்டிக்கினே? சாக்ஸு துணிதானே. துணி கட்டிக்கினுதானே சாமி கும்புடறோம்" என்று ஒரு ஜோடியை நீட்டினேன். "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் தாத்தா" என்று சிரித்துவிட்டு வாங்காமல் நடந்தாள். நானும் கூட நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும், "உங்க செருப்புல என்ன தாத்தா சத்தம்? டிக்கு டிக்குன்னு கேக்கு" என்றாள். எனக்கும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கல் ஏதாவது சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். நாற்பது பேர் காலுக்குக் குனிகிற முதுகு என் காலுக்குக் குனியவில்லை. சும்மா இருந்திருக்கலாம், என் வாய் இருக்காதே. "அதுவாம்மா, நான் மிலிட்டரில இருந்தவன். பழக்கம் வுடல, செருப்புக்கும் லாடம் அடிச்சு வச்சிருக்கேன்" என்றேன். மிலிட்டரியை நான் குடியரசு தினத்தன்று டிவியில் பார்த்ததோடு சரி. அவள் தலையாட்டினாள். பத்தடி நடந்தாள். காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"லாடம்னா ரெண்டு காலுக்கும்லா தாத்தா அடிப்பாங்க? உங்களுக்கு இடது கால் மட்டும்லா சத்தம் போடுது."

நாற்பது வைத்தியர்கள்

கொப்புளத்துக்கு வைத்தியம் எளிது. ஊசியை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, ஓரத்தில் ஒரு துளை. நீர் வடியட்டும். மேல்தோலை உரிக்காதே, கடவுள் போட்ட பிளாஸ்திரி அது. அதற்கு மேல் நம் பிளாஸ்திரி. முடிந்தது. மூன்றாம் நாள் காலை முத்துப்பாண்டியின் இட்லிகளுக்கு இதைச் செய்ய உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முடித்து, இன்னொரு பக்கத்துக்கு ஊசியைக் காய்ச்ச அடுப்படிக்குப் போனேன். போய்வர இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா?

அந்த இரண்டு நிமிஷத்தில் அவனைச் சுற்றி மாநாடு கூடிவிட்டது. ஒருத்தன் பற்பசை தடவு என்கிறான். ஒருத்தன் மஞ்சளும் சுண்ணாம்பும் என்கிறான். பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ்தான் கண்கண்ட மருந்து என்று மெயின்டனன்ஸில் இருக்கிற ஒருத்தன் அடித்துச் சொல்கிறான். கஜேந்திரன் பேசவில்லை. செயல்வீரன் அல்லவா, தன் ஷூவுக்கு ஏதாவது ஆனால் ஒட்டலாம் என்று பையில் கொண்டுவந்திருந்த பசையை எடுத்து, கொப்புளத்தின் மேல் இரண்டு சொட்டு விட்டு அழுத்திவிட்டான். அது காய்வதற்குள் முத்துப்பாண்டி சாக்ஸை மாட்டிவிட்டான்.

நான் வந்து பார்க்கையில் சாக்ஸும் குதிகாலும் ஒரே பொருளாகியிருந்தன. இழுத்தால் தோலோடு வரும். வேறு வழியில்லாமல் கத்தரிக்கோலால் சுற்றிலும் வெட்டி, பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குச் சாக்ஸை அவன் காலிலேயே விட்டேன். அந்த வட்டத்தில் அரைகுறையாக சாக்ஸ் கம்பெனியின் முத்திரை. இன்றைக்கும் அவன் குதிகாலில் அது படிக்கிற மாதிரி இருக்கிறது என்று கேள்வி. பிள்ளை வாய்விட்டு அழுதான். கஜேந்திரன் அவன் தோளில் கை போட்டான்.

"அழுவாத மச்சி. இனிமே அந்த எடத்துல கொப்புளமே வராது."

திருத்தணி நாய்

மூன்றாம் நாள் சாயங்காலம் திருத்தணியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். மூன்று நாள் நடந்த எண்பது பாதங்கள் ஒரு கூடத்துக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மூக்கு பழகிவிட்டது. ஆனால் அன்றைய நாற்றம் வேறு மாதிரி. வியர்வை இல்லை. ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி. வாசலில் செருப்பும் ஷூவும் ஜோடி ஜோடியாக வரிசையில் கிடந்தன. ஒரு தெருநாய் வந்தது. மோந்து பார்த்து, ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டுப் போனது. கூடமே சிரித்தது. அது யார் செருப்பு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டியது கால் டூட்டியின் பொறுப்பு என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டான். நான்கு டப்பில் வெந்நீர் வைத்து உப்புப் போட்டேன். ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, விளக்கெண்ணெய் தடவினேன். வெட்டாத நகத்தை வெட்டினேன். ஏழுமலையின் காலைக் கூடக் கழுவினேன், நடக்காத காலை. எல்லோரையும் திட்டினேன். "தன் காலைத் தானே பாக்காதவன் இன்னாடா மனுசன்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். சொல்லும்போதே எனக்குக் குளிர் எடுத்தது. கடைசி ஆள் எழுந்து போனபின் ஏகாம்பரம் கூடத்தின் நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான். என்னிடம் வந்தான். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான்.

"அத்தினி காலும் கழுவியாச்சு நைனா. நாத்தம் அப்டியே கீது. இப்போ யாரு பாக்கி?"

புத்தூர்

நாய்தான் பாக்கி என்று சொல்லித் தப்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் நடை புத்தூர் வரைக்கும். எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. வெயிலில் நடந்துகொண்டு, புரட்டாசிப் பனி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றோம். கடை முன்னால் சிமென்ட் தரை. டீயை வாங்கிக்கொண்டு திரும்பினால் பேச்சியம்மாள் தரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் நடந்து வந்த வழியில் வலது செருப்புத் தடம் இல்லை. இடது செருப்புத் தடம் மட்டும் ஒன்று விட்டு ஒன்று ஈரமாகப் பதிந்திருக்கிறது. ஈரம் தண்ணீர் நிறத்தில் இல்லை.

"தாத்தா, வண்டிக்கு அந்தாண்ட வாங்க" என்றாள். இங்கே வந்து நாலு வருஷத்தில் எங்கள் 'அந்தாண்ட'யைக் கற்றுக்கொண்டிருந்தாள். போனேன். "உக்காருங்க." "வேலை கீதும்மா." "உக்காருங்கங்கேன்." ஏகாம்பரமும் வந்துவிட்டான். வண்டிக்குள்ளிருந்து ஏழுமலை தலையை நீட்டினான். அவள் என் பையிலிருந்தே ஒரு துடைப்பக் குச்சியை உருவினாள். "கண்ண மூடுங்க. எங்க குத்துதேன்னு சொல்லுங்க."

இந்தப் பரீட்சையில் இருக்கிற திருட்டு அத்தனையும் எனக்கு அத்துப்படி. குத்துகிறவர்கள் எப்போதும் பெருவிரலில்தான் ஆரம்பிப்பார்கள். நானே அப்படித்தான். கண்ணை மூடினேன். மனதுக்குள் இரண்டு எண்ணினேன். முகத்தைக் கொஞ்சம் சுளித்தேன். "பெருவிரல்" என்றேன். நம்பிக்கை வரட்டும் என்று, "மெதுவாம்மா, வலிக்குது" என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒரு லாரி போனது. கண்ணைத் திறந்தேன். குச்சி அவள் மடியில் கிடந்தது. அவளுடைய இரண்டு கையும் அதன் மேல் இருந்தன.

"நான் இன்னும் குத்தவே இல்ல தாத்தா."

ஜன்னல் ஓரம்

முந்தின ராத்திரி இழுத்ததும் வந்த செருப்பு இப்போது கழலவில்லை. காலோடு சேர்த்துத் தைத்திருந்தது. அடியில் ஒரு ஸ்க்ரூவின் தலை. தாரில் தேய்ந்து தேய்ந்து வெள்ளிக் காசு மாதிரி மின்னியது. அது செருப்பைத் துளைத்துச் சுண்டுவிரலுக்கு அடியில் ஏறியிருந்தது. பேச்சியம்மாள் அதைப் பார்த்ததுமே, "லாரில போற பெட்டிக்கெல்லாம் போடுற ஸ்க்ரூ" என்றாள். ஒரகடத்துக் கம்பெனி லாரி எதிலிருந்தோ ரோட்டில் விழுந்தது. மூன்று நாளாக எண்பது கிலோமீட்டர் என்னோடு நடந்து வந்திருக்கிறது. கால் எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பார்க்காதவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

ஏகாம்பரம் சூப்பர்வைசர். திட்டுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. என் தோளிலிருந்து பையை மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டான். அதற்கு அவன் என்னை அறைந்திருக்கலாம். புத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஊர்ப்பக்கமே போய்விடுகிறேன் என்று அழுதேன், ஒரு வாடகைக் கார் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு எனக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னார்கள். துணைக்கு யார் என்ற பேச்சு வந்தபோது, ஏழுமலை வண்டியிலிருந்து தானாகவே இறங்கி வந்தான்.

இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டரில் சாமி. நாலு நாள் வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்தவன். அவனை வண்டியில் ஏற்றினவன் நான். "நீ போயி பாத்துட்டு வா ஏழுமல, எனுக்காக வராத" என்றேன். அவன் கையைப் பிடித்தேன். அவன் கையை விடுவித்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தான்.

"நவுந்து உக்காருப்பா. ஜன்னல் ஓரம் எனுக்கு."

லட்டு

சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் நடந்திருந்தால் பாதம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். குனிந்து கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இந்தப் புரட்டாசிக்குப் பை பேச்சியம்மாளிடம் போகிறது. ஏகாம்பரம் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தான், அந்த மரியாதை உண்டு. எனக்கு வண்டி. ஏழுமலைக்குப் பக்கத்து இடம்.

எம்.சி.ஆர். செருப்பைப் பரணிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு திரிகிறேன். தெருவில் போகிற நண்டு சிண்டெல்லாம், "இன்னா நைனா, சுகரா?" என்றுதான் கேட்கிறது. இதற்குப் பயந்துதான் ஒரு விரலைக் கொடுத்தேன். ஒரு விரலுக்கு உண்டான கஷ்டமாக அது இல்லை.

தரிசனம் முடிந்த வாரம் பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள், ஷிஃப்ட் முடிந்து, கழுத்தில் ஐ.டி. கார்டோடு. காலைக் காட்டச் சொன்னேன். நூற்றைம்பது கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்தவள் பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை, ஒரு கீறல் இல்லை. என் சாக்ஸையும் உப்பையும் விளக்கெண்ணெயையும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வேண்டுதல் என்னவென்று மறுபடியும் கேட்டேன், மறுபடியும் சொல்லவில்லை. பையைத் திறந்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தாள். நெய் வாசனை வார்டு முழுக்கப் பரவியது. நான் வாயைத் திறந்தேன்.

"கண்ணுல ஒத்திக் கும்புட்டுட்டு எங்கிட்டயே குடுத்துருங்க தாத்தா. தின்னுறாதீங்க."

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் என் விரலைச் செம்பரம்பாக்கத்து முதலை கொண்டுபோன கதை நன்றாக வேர் பிடித்து நிற்கிறது, கேட்டவர்கள் டீயும் வாங்கித் தருகிறார்கள், சர்க்கரை போடாமல். நாற்பது பேர் காலைக் குத்திப் பார்த்தவனுக்குத் தன் காலில் குத்தினது தெரியவில்லை என்பதுதான் மொத்தக் கதையும். அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் ஒருவரிடமும் சொல்லிவிடாதீர்கள்.